சில்மியாவுக்கு அறை கேட்டுப் போன கதை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் வந்து கொஞ்சம் அனுபவம் சொல்லிக் கொடுக்கும்படி நம் இல்லத்தை நடத்துகிற பெரிய மிஸ் ஆள் அனுப்பியிருந்தார். நாலு பேருக்கு முன்னால் நின்று கதைப்பது என்னால் ஏலாத காரியம். உங்களில் மூன்று பேர் பெண்கள் என்று கேள்விப்பட்டதும் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். வலி உண்மைதான். கிளச் மிதித்து மிதித்துத் தேய்ந்த அந்த இடது காலால்தான் வேலையையே விட்டேன். ஆனால் கதிரையில் இருந்து கதைப்பதற்கு முழங்கால் என்ன செய்யும் என்று மிஸ் கேட்டார். கடைசியில் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

சட்டமும் படிவமும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு மடத்தனத்தை.

பெண் பிள்ளைகள் இல்லத்தின் வேனை நான் பதினேழு வருடம் ஓட்டினேன். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், இருந்தும் இல்லாத பிள்ளைகள், நீதிமன்றம் அனுப்பிவைத்த பிள்ளைகள் என்று எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்க் கொண்டுவருவது என் வேலை. பதினெட்டு வயது முடிந்ததும் ஒரு பெட்டியோடு அவர்கள் வெளியே போக வேண்டும். அந்தக் கடைசிப் பயணமும் அதே வேனில்தான்.

என்னை வேலைக்கு எடுத்த அன்று மிஸ் மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் தலையை ஆட்டினேன். "கதைக்காத ஆம்பிளைதான் இஞ்ச வேணும்" என்று சொல்லி வேன் திறப்பைத் தந்தார். முதல் மாதம் முழுக்கப் பிள்ளைகள் என்னை ஊமை என்று நினைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் சேர்ந்து எனக்குப் பேச்சு வரவேண்டும் என்று துஆ வேறு கேட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையில் நான் "பின் சில்லுல காத்து இல்ல" என்று சொன்னதும், துஆ பலித்துவிட்டது என்று ஒரு பிள்ளை கத்திக்கொண்டு உள்ளே ஓடியது. அன்றிலிருந்து பரீட்சை வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அந்தப் பிள்ளையைத்தான் துஆ கேட்கச் சொல்வார்கள்.

சில்மியா அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவள். வாய் நீளம் என்று ஆசிரியர்கள் எழுதி அனுப்புவார்கள். கல்முனையில் ஒரு கண்ணாடிக் கடையில், கண் பரிசோதிக்க வருபவர்களைப் பலகைக்கு முன்னால் இருத்தி எழுத்து வாசிக்கச் சொல்கிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. பெரிய பெரிய முதலாளிமாரையே "திரும்ப வாசிங்க, களவா மத்தக் கண்ணால பாக்காதீங்க" என்று அதட்டுவாளாம். கடைக்காரருக்கு அது பிடித்துப்போயிற்று.

வேலை இருந்தது, இருக்க இடம் இல்லை. பதினெட்டு முடிந்து இல்லத்தில் அவளுக்கு இருந்த நாளும் முடிய வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் படிவத்தில் ஒரு விலாசம் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அவளை ஏற்க ஆயத்தமாக இருந்த ஒரே உறவினரான சாச்சாவிடம் ஒப்படைக்க வேண்டும். சாச்சா, அவள் வாப்பாவின் தம்பி, கெட்ட மனிதர் இல்லை. அவருடைய மனைவி வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். வீட்டில் ஐந்து பிள்ளைகள். சமைக்கவும் குளிப்பாட்டவும் ஒரு ஆள் வேண்டும். "வேல கீல ஒண்டும் வேணாம், புள்ள வீட்டோட இரிக்கட்டும்" என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அங்கே போனால் கண்ணாடிக் கடைக்கு முழுக்குத்தான். அது சில்மியாவுக்கும் தெரியும், மிஸ்ஸுக்கும் தெரியும்.

மிஸ்ஸும் அவளும் ஐந்து வீடு ஏறி இறங்கினார்கள். மூன்று வீட்டில், "ஒரு ஆம்பிளை ஆள் வந்து கேக்கட்டும்" என்றார்கள். மற்ற இரண்டு வீட்டில் இல்லத்துப் பிள்ளை என்று கேட்டதும் அறை திடீரென்று நெல் மூட்டை அடுக்குகிற அறையாகிவிட்டது. இல்லத்தில் அப்போது இருந்த ஆண்கள் நானும் ஒரு சேவலும்தான். மிஸ் என்னைக் கூப்பிட்டார்.

"நிந்தவூர்ல ஒரு வீட்டுப் பின் அறை சும்மா கிடக்குதாம். வெள்ளிக்கிழமை போய்க் கேளுங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க. வேற ஒண்டும் வேணாம்."

நான் தலையை ஆட்டினேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. அது அவர் விட்ட பிழை என்று பிறகு அவரே சொன்னார்.

வீட்டில் இந்தக் கதையைச் சொன்னேன். என் மனைவி, "வெறுங்கையோட ஒரு வீட்டுக்குப் போறதா?" என்று தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து வட்டிலப்பம் அவித்துத் தந்தாள். நான் வழியில் ஒரு சீப்பு வாழைப்பழமும் சீனியும் வாங்கினேன். நல்ல சாரன், வெள்ளைச் சேட், தொப்பி. ஜும்ஆ முடிந்து, வெயில் சாய்ந்த நேரம். வேனில் போகும்போது எனக்குள் ஒரு யோசனை ஓடியது. உள்ளதைச் சொன்னதால்தானே இரண்டு வீட்டில் கதவு சாத்தினார்கள்? காரைதீவைத் தாண்டும்போது அவளிடம் சொன்னேன்.

"புள்ள, நான் உன்ன என்ட ராத்தாட மகள் எண்டு சொல்லப்போறன்."

"உங்களுக்கு ராத்தா இருக்காங்களா மாமா?"

"இல்ல."

"அப்ப எனக்கு உம்மா இல்ல, உங்களுக்கு ராத்தா இல்ல. நல்ல குடும்பம்" என்றாள்.

அந்த வீட்டு வேலிக் கடப்படியில் வேனை நிறுத்தினேன். முதலில் நான் போய்க் கதைக்கிறேன், நீ உள்ளே இரு என்று அவளிடம் சொல்லி, திரையையும் இழுத்துவிட்டேன். வெட்கக்காரனின் மரியாதை இப்படித்தான். வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவள் காதில் விழக்கூடாது என்று நினைத்தேன். தம்பி, தங்கச்சிமாரே, இதில் எந்த இடத்தில் பிழை விட்டேன் என்று உங்களுக்கு இப்போதே தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை.

வாசலுக்கு வந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். ஸலாம் சொன்னேன். வட்டிலப்பத்தையும் பழத்தையும் சீனியையும் நீட்டினேன். அக்கா முறை வைத்து, "ராத்தா, என்ட மருமகள் ஒண்டு இரிக்கி. அவட விஷயமாத்தான்…" என்றேன். அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை.

நம் ஊர் உங்களுக்குத் தெரியும். இங்கே மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டுப் போவதில்லை, பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம், வெள்ளைச் சேட் போட்ட ஒரு ஆள், கையில் இனிப்பு, வாயில் மருமகள், வேனுக்குள் திரை போட்டு யாரோ. அந்த ராத்தாவுக்கு முப்பத்திரண்டு வயதில் கலியாணமாகாத மகன் ஒருவர் இருந்தார். இது எனக்குத் தெரியாது.

"உள்ள வாங்க தம்பி, வந்து இரிங்க" என்றார். அவர் முகம் மலர்ந்துபோயிருந்தது. ஐந்து வீட்டில் கிடைக்காத வரவேற்பு இது. பொய்யில் இவ்வளவு பரக்கத் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு போய் இருந்தேன்.

கதிரைக்குப் புது உறை வந்தது. சர்பத் வந்தது, பிஸ்கட் வந்தது. உள்ளே, "அஸ்மிர், சேட்ட மாத்துடா, அந்த நீலத்த போடு" என்று ஒரு குரல் கேட்டது. சற்று நேரத்தில் ஈரத் தலையோடும் கழுத்தில் பவுடரோடும் ஒருவர் வந்து, எனக்கு எதிரே நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். நானும் நிலத்தைப் பார்த்தேன். நல்ல மனிதர், என்னைப் போலவே என்று நினைத்தேன்.

ராத்தா தொடங்கினார். "இவன் சிகரட் குடிக்க மாட்டான். தொழுகை தவறாது. வட்டைக்குள்ள ரெண்டு ஏக்கர் வயல் செய்யிறான். ஒரு பொம்பிளப் புள்ளைய நிமிந்து பாத்தவன் இல்ல."

ஒரு குமர்ப்பிள்ளைக்கு அறை வாடகைக்குக் கொடுக்கிற வீட்டில் இதையெல்லாம் சொல்வது நியாயம்தானே? நான் மிகவும் சந்தோஷமாகத் தலையை ஆட்டினேன். ஒவ்வொரு ஆட்டலுக்கும் அவர் இன்னொரு பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினார்.

பிறகு கேட்டார். "மருமகளுக்கு வீடு கட்டியாச்சா தம்பி?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் இருப்பது நம் வழக்கம். ஆகவே மாப்பிள்ளைக் கேள்வியில் முதலாவது இந்தக் கேள்விதான் வரும். 

இந்த இடத்தில் நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். "ராத்தா, நாங்க வந்தது அறைக்கு" என்று சொன்னால் போதும். ஆனால் அந்த மனிதர் எனக்காகத் தலைக்குத் தண்ணீர் வார்த்துச் சேட் மாற்றி வந்து இருக்கிறார். அவர் முகத்துக்கு நேரே அதை எப்படிச் சொல்வது?

"அத்திவாரம் போட்டிரிக்கி" என்றேன்.

"எங்க?"

"மருதமுனையில."

"அத்திவாரத்தோட நிக்குதா?"

"இல்ல, சுவர் எழும்புது."

ஒரு வாய் பொய் சொன்னவனுக்கு மேசன் வேலை தானாக வந்துவிடுகிறது. இரண்டாவது கிளாஸ் சர்பத் முடிவதற்குள் நான் சுவரை யன்னலுக்கு மேலே, லிண்டல் மட்டம் வரை எழுப்பிவிட்டேன். கூரைக்கு ஓடா சீட்டா என்று அவர் கேட்டபோது, அதை மருமகளின் விருப்பத்துக்கு விட்டிருப்பதாகச் சொன்னேன். அந்த மரியாதையாவது அவளுக்குக் கொடுத்தேனே.

"புள்ளட படம் இரிக்கா?"

"புள்ளயே வேனுக்குள்ளதான் இரிக்கி."

ராத்தா எழும்பிவிட்டார். "வேனுக்குள்ளயா? இந்தப் புழுக்கத்துக்குள்ளயா? நீங்க என்ன மனிசன் தம்பி?" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார். அஸ்மிரும் நானும் தனியே இருந்தோம். அவர் முதன்முறையாக வாய் திறந்தார்.

"காக்கா, அந்த வீட்டுக்கு முன்னால றோட்டு இரிக்கா?"

"இரிக்கி" என்றேன். றோட்டையும் போட்டுக் கொடுத்தேன்.

சில்மியா முகமெல்லாம் வேர்வையோடு உள்ளே வந்தாள். ராத்தா அவளை விசிறிக்குக் கீழே இருத்தி, தலையைத் தடவி, "மருதமுனையில லிண்டல் மட்டம் வந்திட்டாமே மகள், அல்லாஹ் லேசாக்கட்டும்" என்றார்.

சில்மியா என்னைப் பார்த்தாள். பழத்தைப் பார்த்தாள். நீலச் சேட்டைப் பார்த்தாள். கண் பரிசோதிக்கிற பிள்ளை அல்லவா, எல்லாவற்றையும் வாசித்துவிட்டாள்.

"மாமி," என்றாள், "எனக்கு மருதமுனையில அத்திவாரமும் இல்ல, சுவரும் இல்ல. நான் இல்லத்துல வளந்த புள்ள. இவரு அங்க வேன் ஓடுற மாமா. நல்லவரு, பயந்தவரு. நாங்க உங்கட பின் அறைய வாடகைக்குக் கேட்டு வந்த. திங்கக்கிழமைக்குள்ள ஒரு இடம் கிடைக்கல்லண்டா நான் கல்முனைக் கண்ணாடிக் கட வேலைய விட்டுட்டுச் சாச்சா வீட்ட போகணும்."

 நான் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

"அப்ப நான் சேட்டக் கழட்டட்டா உம்மா?" என்று அஸ்மிர் கேட்டார்.

"இரிடா அங்க" என்றார் ராத்தா.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் தலை தெரிந்தது. "என்ன மச்சி, வட்டிலப்பம் வந்திரிக்கி, மாப்பிள்ளக் கேள்வியா?"

ராத்தாவின் முகம் வாடிவிட்டது. குரலைத் தணித்துச் சொன்னார். ஏற்கெனவே வந்து தின்றுவிட்டுப் போன இரண்டு இடத்தார் திரும்பி வரவில்லை. மூன்றாவது ஆளும் வந்து கால் மணித்தியாலத்தில் எழும்பிப் போனால் இந்த ஒழுங்கையில் உள்ள வீடெல்லாம் என்ன சொல்லும்? மாப்பிள்ளையில்தான் ஏதோ குறை என்று சொல்லும். "நீங்க இப்ப எழும்பிப் போனா என்ட மகன்ட கதை முடிஞ்சிது" என்றார். கண் கலங்கியிருந்தது. வட்டிலப்பத்தைக் கொண்டுபோன குற்றம் என் நெஞ்சில் ஏறி இருந்தது.

நான் உடனே இன்னொரு பொய்க்கு வாய் திறந்தேன். சில்மியா என் கிளாஸை எடுத்து என் கையில் வைத்தாள்.

"மாமி, உள்ளத சொல்லுங்க. அறை கேட்டு வந்தவங்க எண்டு சொன்னா உங்கட மகனுக்கு ஒரு குறையும் வராதே."

"உனக்குக் குறை வராதா மகள்? இல்லத்துப் புள்ள எண்டு ஊரெல்லாம் தெரிய வருமே."

"நான் இஞ்ச இருந்தா எப்பவோ ஒரு நாளைக்குத் தெரியத்தானே போகுது. இண்டைக்கே தெரியட்டும்."

ராத்தா அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். பிறகு சொன்னார். "மகள், இந்த அறைய நான் உனக்குத் தர மாட்டன். உன்ட பிழை இல்ல. கலியாணம் முடிக்காத மகன் இரிக்கிற வீடு. உனக்கும் கூடா, அவனுக்கும் கூடா."

எனக்கு உள்ளே எல்லாம் இடிந்து விழுந்தது. சில்மியா கெஞ்சவில்லை. அழவும் இல்லை.

"அது சரிதான் மாமி. அப்ப பொம்பிளையள் மட்டும் இரிக்கிற வீடு ஒண்டு சொல்லுங்க. இந்த ஊர்ல உங்களுக்குத் தெரியாத வீடு இல்லத்தானே."

ராத்தா யோசித்தார். அவருடைய மூத்த சகோதரி அதே ஒழுங்கையின் முடிவில் தனியே இருக்கிறார். பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவர். அறை இருக்கிறது. "ஆனா ஆள் கொஞ்சம் கடுமை" என்றார்.

"நாங்க மிஸ்ஸோட இருந்து வந்தவங்க" என்றாள் சில்மியா.

ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டு வட்டிலப்பத் தட்டத்தைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டார். நாங்கள் பின்னால் போனோம். வேலிக்கு மேலே தெரிந்த தலைக்குத்தான் முதல் அறிவித்தல். "மச்சி, இது மகன்ட விஷயம் இல்ல. இல்லத்துப் புள்ள, கல்முனையில கண்ணாடிக் கடையில வேல செய்யுது, அறை கேட்டு வந்திரிக்கி." பிறகு வழியில் ஒவ்வொரு கடப்படியிலும் நின்று அதையே சொன்னார். இத்தனை வருடமாக நான் பாதியில் விழுங்கிவந்த 'இல்லத்துப் புள்ள' என்ற சொல்லை அவர் ஒரு ஒழுங்கை முழுக்கக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டு போகிறார். நான் வேலி ஓரமாக ஒதுங்கி நடந்தேன். சில்மியா நடுவில் நடந்து, கேட்ட ஸலாத்துக்கெல்லாம் பதில் சொன்னாள். ஒரு வீட்டில் ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். சில்மியா அதையும் பார்த்தாள். இன்னொரு வீட்டில் ஒரு கிழவர், கண்ணாடிக் கடையா, என் கண்ணாடிக் கால் கழன்றுவிட்டது, திங்கட்கிழமை கொண்டுவரட்டா என்று கேட்டார். ஒழுங்கை முடிவதற்குள் அவளுக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார்.

மூத்த சகோதரி உண்மையிலேயே கடுமை. எங்களை இருக்கச் சொல்லவில்லை. எல்லாக் கதையையும் கேட்டுவிட்டுச் சில்மியாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ குறட்டை விடுவியா?"

"விடுவன் எண்டுதான் சொல்லுவாங்க."

"நானும் விடுவன். நடுவுல சுவர் இரிக்கி. அறையப் போய்ப் பாரு."

அவளே போய்ப் பார்த்தாள். யன்னல் கொக்கியைப் போட்டுப் பார்த்தாள், கதவுக்கு உள்ளே பூட்டு இருக்கிறதா என்று பார்த்தாள். விலாசத்தைக் கேட்டுத் தன் கையாலேயே எழுதிக்கொண்டாள். நான் வாசலில் செருப்புகளோடு நின்றேன்.

மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். லிண்டல் வந்த இடத்தில் அவர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். றோட்டுக்குத் திரும்பவும் சிரித்தார். சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பொய் சொன்னது இருக்கட்டும். அந்தத் திரைய ஏன் இழுத்துவிட்டீங்க?"

அவள் மனம் நோகக்கூடாது என்றுதான், என்றேன்.

"அவட வீடு, அவட வேல, அவட வாழ்க்கை. அங்க இருக்க வேண்டிய ஆள் அவ மட்டுந்தான். நீங்களும் நானும் வேன் மாதிரி. கொண்டுபோய் விடலாம், உள்ள வச்சுப் பூட்டக்கூடா. இனிமே அவட விஷயத்துல அவவக் கேக்காம ஒரு சொல்லும் கதைக்காதீங்க."

கதைக்காதே என்று ஒருவர் எனக்குப் புத்தி சொன்னது வாழ்க்கையில் அது ஒரு தரம்தான். ஆனால் விளங்கியது. அதுவரை என் வெட்கத்தை நான் அடக்கம் என்று நினைத்திருந்தேன். நான் வாய் மூடி இருந்ததாலும் அந்தப் பிள்ளைக்குக் கெடுதல் வந்தது, வாய் திறந்ததாலும் வந்தது. இரண்டு தரமும் நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் பெட்டியை நிந்தவூரில் இறக்கிவைத்து, அவளைக் கண்ணாடிக் கடையில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து வேன் கழுவிக்கொண்டிருந்தேன். மிஸ் கோர்ட்டுக்குப் போயிருந்தார். வாசல் படலையில் சாச்சா நின்றார். கையில் ஒரு பை கொய்யாப்பழம். பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருந்தார்.

"போயிட்டா" என்றேன்.

"எங்க?"

நல்ல பொய் இரண்டு மூன்று உடனே வந்தது. கொழும்புக்கு அனுப்பியாயிற்று என்று சொல்லலாம். எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "காக்கா, அஞ்சு புள்ளையள். பொண்சாதி வியாழக்கிழமை பிளேன் ஏறுறாள். நான் என்ன செய்யிற?" அவருடைய கஷ்டமும் பொய் இல்லை. அதனால்தான் அந்த இடம் எனக்குப் பயமாக இருந்தது.

"எங்க எண்டு எனக்குத் தெரியும்" என்றேன். "அவகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்லுவன்." என் குரல் அப்படி வரும் என்று எனக்கே தெரியாது. அவர் முன்னாலேயே சில்மியாவுக்குப் போன் எடுத்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "போனைச் சாச்சாட்டக் குடுங்க மாமா" என்றாள்.

எனக்குக் கேட்டது சாச்சாவின் பக்கம் மட்டும். "ஓம் புள்ள… இல்ல புள்ள… அது சரி, ஆனா… ஓம்… உன்ட சாச்சிட தங்கச்சியா? அவளக் கேக்கல்ல… கேட்டுப் பாக்கிறன்… எப்ப? லீவு நாளைக்கா?… சரி." போனைத் திருப்பித் தந்தார். கோபப்பட்ட மாதிரித் தெரியவில்லை, களைத்துப்போன மாதிரி இருந்தது.

"லீவு நாள்ல வந்து புள்ளையளப் பாத்துட்டுப் போவாளாம்" என்றார். "பாத்துட்டுப் போவன் எண்டு ரெண்டு தரம் சொல்லிட்டாள்."

 பிறகு பையைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கொய்யாப்பழம் அவளுக்கெண்டு கொண்டுவந்த. யாருக்குக் குடுக்கிற?"

தாங்க, இங்குள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். மிஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. திரும்பவும் போன் எடுத்தேன்.

"மாமா," என்றாள் அவள், பின்னால் யாரோ எழுத்து வாசிக்கிற சத்தம் கேட்டது, "கொய்யாப்பழத்துக்கெல்லாம் என்னக் கேக்க வேணாம். தின்னுங்க. நான் வேலையில நிக்கன்."